கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பெயர்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கட்டைவிரலில் பிறந்தது. நான் ஓர் ஆவணக் காப்பகத்தில் இன்டர்ன். பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் செய்வது வேலை. தாளை விரித்து, சுருண்ட ஓரத்தை விரலால் நீவி, விரலை எடுத்து, பொத்தானைத் தட்ட வேண்டும். ஒருமுறை இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிவிட்டேன். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு அச்சான விளையாட்டுப் பக்கத்தில், பாதி உரிந்த நீல நகப்பூச்சோடு என் கட்டைவிரல் ஜம்மென்று படுத்திருக்கிறது. மறுபடி எடுத்திருக்கலாமே என்பீர்கள். தாளைத் தூக்கியதும் அந்த மூலை சருகாக நொறுங்கிவிட்டது. வேறு பிரதியும் எங்கும் கிடையாது.

அன்றிலிருந்து எங்கள் மேலாளர் என்னைக் "கட்டைவிரல்" என்றுதான் கூப்பிடுகிறார். தூசி பட்டுத் தும்மிக்கொண்டே இருக்கும் அவரை நான் மனசுக்குள் "தும்மல் சார்" என்கிறேன். கணக்கு சரியாகிவிட்டது.

2

கம்பீரமாகத் தொடங்கத்தான் பார்த்தேன்.

செய்தித்தாள் என்பது காலத்தின் கண்ணா—

சீ, வேண்டாம். இந்த மாதிரிக் கட்டுரைகளைத்தான் நாள் முழுக்க ஸ்கேன் செய்கிறேன்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது வெளியே மழை—

மழையாவது மண்ணாவது! சுள்ளென்ற வெயில். அவர்கள் உள்ளே நுழைந்தபோது சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இதுதான் சரி.

கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட். கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒரு ஸ்லோ சைக்கிள் ரேஸில் ஓட்டியவர்கள். கால் தரையில் படக் கூடாது. கடைசியாகக் கோட்டைத் தொடுபவருக்கே முதல் பரிசு. ஒருவர் முதலிடம், மற்றவர் இரண்டாமிடம். "நான்தான் முதல்" என்று இருவருமே இன்றுவரை சாதிக்கிறார்கள். பரிசாக வந்த டம்ளர்கள் இரண்டும் ஒரே அச்சு. அதுவும் உதவவில்லை.

"ரிசல்ட் போட்ட பழைய பேப்பரைப் பாத்துடலாம்," என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "நான் ஜெயிச்சிருந்தா இவரு மறுபேச்சு இல்லாம ஹார்ட் ஆபரேஷன் பண்ணிக்கணும். டாக்டர் தேதி குடுத்தும் டிமிக்கி குடுக்கறாரு."

"நான் ஜெயிச்சிருந்தா இவ அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்றார் டிரைவர்.

திரையில் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாம் பரிசு ஒரு தபால்காரருக்கு, பளிச்சென்று தெரிந்தது. முதல் இரண்டு பெயர்களின் மேல் என் விரல்.

"இது யாரோட விரலு?"

பின்னால் தும்மல் சார் தும்மினார். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"ஓஹோ, நீதானா? வெச்சவ படிச்சிருப்பேல்ல? நீயே சொல்லு," என்றார் அம்மா.

3

(அடிக்குறிப்பு, ஆனால் அடிவரை போகப் பொறுமையில்லை: ஸ்கேன் செய்பவர்கள் படிப்பார்கள் என்பது ஒரு மூடநம்பிக்கை. நாங்கள் ஓரங்களைத்தான் பார்ப்போம்.)

ஞாபகமில்லை என்றால் கதை இங்கேயே படுத்துவிடும். "கொஞ்சம் யோசிக்கறேன்மா," என்றேன். எழுத்தாளர் புத்தி, வேறென்ன?

அம்மா முகம் கழுவ வேண்டும் என்றார். வழி காட்டப் போனேன். குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, அவரு ஜெயிச்சாருன்னே சொல்லிடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ ஆபரேஷன்?"

"நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். தேதி நெருங்க நெருங்க ராத்திரியெல்லாம் அவரு மூச்சை எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். உள்ளே போனவரு வெளிய வரலேன்னா? தள்ளிவிட்டது நான்தானே?"

[இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. சண்டைக்காரியாகத்தான் எழுதி வைத்திருந்தேன். என்னைக் கேட்காமல் அழுதுவிட்டார். அந்த வரியை அடித்துவிட மனசு வரவில்லை.]

திரும்பி வந்தால் டிரைவர் என்னைத் தண்ணீர்க் குடத்துப் பக்கம் ஓரங்கட்டினார்.

"அவ பேரையே சொல்லிடும்மா."

"சார், அப்போ நீங்க ஆபரேஷனுக்குப் போகணுமே!"

"போகத்தான் சொல்றேன். ரொம்ப நாள் தாங்காதுன்னுட்டாரு டாக்டர். நானா கிளம்பினா, நான் பயந்துட்டேன்னு தெரிஞ்சு அவ உடைஞ்சுபோவா. பந்தயத்துல தோத்துப் போனா, திட்டிக்கிட்டே கூட வருவா. எனக்கு அது போதும்."

இருவர் சொன்னதையும் இருவருக்கும் போட்டுக்கொடுத்துவிடலாமே என்கிறீர்களா? வெளியே சொல்லக் கூடாதென்று குழாயடியிலும் சத்தியம், குடத்தடியிலும் சத்தியம் வாங்கிவிட்டார்கள். வசமாக மாட்டிக்கொண்டேன்.

4

ஆக, அதே போட்டி, அதே இரண்டு பேர். இந்த முறை இருவருமே தோற்கப் பார்க்கிறார்கள்.

முடிவு அ: அம்மாவின் பெயரைச் சொல்கிறேன். டிரைவர் ஆபரேஷனுக்குப் போகிறார், பிழைக்கிறார். (பிழைக்காவிட்டால்? அந்தப் பாராவை எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை.)

முடிவு ஆ: டிரைவரின் பெயரைச் சொல்கிறேன். இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கிறார்கள். பிறகு ஒரு காலையில் அம்மா மட்டும் எழு—

முடிவு இ: தும்மல் சார் போட்ட தும்மலில் கம்ப்யூட்டரே அணைந்துவிடுகிறது. (இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் நீங்கள் அடிக்க வருவீர்கள்.)

5

இருவரும் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அம்மாவின் கை டிரைவரின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

"சொல்லும்மா, யாரு?" என்றார்கள், இருவரும் ஒரே நேரத்தில்.

நான் வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். அந்தப் பெயர் இதோ, இந்தப் பக்கத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. என்ன செய்ய, அங்கே உங்கள் கட்டைவிரல் இருக்கிறது.

இனி அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இருவரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ரொம்ப மெதுவாக மட்டும் வேண்டாம். இந்தப் போட்டியில் கடைசியாக வருபவருக்குப் பரிசு கிடையாது.