மறுபக்க வாத்தியார்

கல்லூரியில் தத்துவம் நடத்திய காலத்தில் மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மறுபக்க வாத்தியார்'. எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் தன் பதிலுக்கு வருவார். அந்தப் பேச்சே அவரை அரசியலுக்கு இழுத்துவந்து, பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தது. பழக்கம் மட்டும் போகவில்லை. ஒருமுறை நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் பக்கத்தை அவர் அடுக்கிய அழகில் சொந்தக் கட்சிக்காரர்களே மேஜையைத் தட்டிவிட்டார்கள். அந்தக் கூத்தைக் கேட்கவா வேண்டும்!

ஊர் சிரித்தது; வசமாக மாட்டிக்கொண்டவள் அவர் மனைவி. நிம்மதியாக ஒரு சண்டை போட விடமாட்டார் மனுஷன். "நீ என்ன சொல்ல வர்றேன்னா..." என்று அவள் கோபத்தை அவளுக்கே சொல்லிக் காட்டிவிட்டு, நிதானமாகப் பதில் சொல்வார். அவள் வாயடைத்துப்போய் எழுந்துவிடுவாள்.

இன்று அவள் விடுவதாக இல்லை. இன்னொரு பதவிக்காலத்தை அவர் இருதயம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுபடியும் தேர்தலில் நிற்கச் சம்மதம் கேட்டுக் கட்சிக்காரர்கள் முன்னறையில் காத்திருந்தார்கள். அவள் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள்.

"இங்க பாருங்க, இன்னைக்கு நான்தான் முதல்ல பேசுவேன்."

"இரும்மா. உன் பக்கத்தை நான் சொல்லிடறேன்."

"ஆரம்பிச்சாச்சா!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அவளாகவே மாறிப் பேச ஆரம்பித்தார்.

"இந்த மனுஷன் முதல்ல புத்தகத்தோட குடும்பம் நடத்தினாரு, அப்புறம் நாட்டோட. வயசான காலத்துலயாவது என் பக்கத்துல இருப்பாருன்னு பாத்தேன்..." அவர் குரல் இறங்கியது. "இவர் போயிட்டா நாட்டுக்கு வேற ஆள் கிடைப்பாங்க. எனக்கு யாரு கிடைப்பா?"

அதை அவள் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அடுத்து பதில் வரும், வழக்கம்போலத் தோற்கப் போகிறோம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஆனா..." என்றார். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் "ஆனா..." என்றார்.

ஐயோ பாவம் என்றிருந்தது அவளுக்கு. ஆயுசு முழுக்க ஜெயிக்க ஆசைப்பட்டவள், இப்போது தானே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று தவித்தாள்.

செயலாளர் கதவைத் தட்டினார். "ஐயா, எல்லாரும் காத்திருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

"நான் நிக்கலன்னு சொல்லிடுப்பா."

"காரணம் கேப்பாங்களேய்யா?"

"என் வீட்டுக்காரம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலன்னு சொல்லு."

அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.