திங்கட்கிழமைக் கோளாறு

கெசியாவின் லேப்டாப்பில் டச்பேட் திங்கட்கிழமை காலையில் மட்டும் வேலை செய்யாது. மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை. இதை அவள் போனில் சொன்னபோது மகேஸ்வரன் நம்பவில்லை. மெஷினுக்கு ஏது கிழமை? மூன்று வருடம் சென்னையில் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளுக்குப் போனில் பதில் சொன்னவன் அவன். டிரைவரை நீக்குங்கள், மறுபடி போடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதையே ஓதி ஓதி அலுத்து, ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். இப்போது வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கிறான்.

போன வியாழக்கிழமை கெசியா லீவு போட்டிருந்ததால், லேப்டாப் ஒரு நாள் முழுக்க அவனிடம் இருந்தது. பேட்டரி உப்பிக்கொண்டு டச்பேடை முட்டுகிறதா என்று திறந்து பார்த்தான். உப்பவில்லை. வயசாகிவிட்டது, பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது, அவ்வளவுதான். டச்பேட் சொன்ன பேச்சைக் கேட்டது. "கோளாறு வரும்போது கூப்பிடுங்கக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். அடுத்த கால் மணியில் பாளையங்கோட்டையில் அவள் வீட்டு முன்னறையில் இருந்தான்.

"பாத்தியளா தம்பி? அன்னைக்கு உங்க முன்னால நல்ல பிள்ளை மாதிரி இருந்துச்சுல்லா. இப்பப் பாருங்க."

திரையில் அம்புக்குறி நின்றது. விரலை இழுத்தால் அசையவில்லை. பிறகு தானாக ஒரு மூலைக்குத் துள்ளியது. மறுபடி நின்றது.

ஆஸ்பத்திரிக் கோப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய குறியீட்டை இடுவது கெசியாவின் வேலை. நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாதென்று, மவுஸ் செருகும் துளைகளைக்கூடக் கம்பெனி பூட்டி வைத்திருந்தது. பதிவு செய்த அறையை விட்டு வேறு எங்கும் உட்காரக் கூடாது. எட்டு மணிக்கு முதல் கோப்பு திறந்தாக வேண்டும். இரண்டு திங்கட்கிழமைகள் தவறிவிட்டன. மூன்றாவதும் தவறினால் வேலை இல்லை என்று மெயில் வந்துவிட்டது. அந்த வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான்.

"ஒரு நாள் பூரா வச்சிருந்தீரே தம்பி, என்னத்தப் பாத்தீரு?" என்றாள் கெசியாவின் மாமியார் தங்கத்தாய், வாசற்படியில் நின்றுகொண்டு.

"மாமி, நீங்க சும்மா இருங்க. அவரே முழிச்சிக்கிட்டு இருக்காரு."

மகேஸ்வரன் கம்பெனி கொடுத்திருந்த தற்காலிகப் பாஸ்வேர்டைப் போட்டு டிரைவரை நீக்கினான், மறுபடி போட்டான், ரீஸ்டார்ட் செய்தான். பழைய பாட்டு. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து, லேப்டாப் எழுந்திருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தி, ஆபரேட்டிங் சிஸ்டம் வருவதற்கு முந்தைய நீலத்திரையில் நிறுத்தினான். அங்கேயும் அம்புக்குறி அதேபோல் உறைந்து துள்ளியது.

"சிஸ்டம் மேல தப்பு இல்லக்கா. அது இன்னும் கண்ணே முழிக்கல. அதுக்கு முன்னாலயே கோளாறு வந்தாச்சு."

"மணி ஏழரை ஆகப்போவுது தம்பி."

யோசித்தபடி லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவினான். கை நின்றது. வழவழப்பாக இருக்க வேண்டிய தகடு மணல்தாள்போல் சுரசுரத்தது. சார்ஜரைப் பிடுங்கினான். சுரசுரப்பு போய்விட்டது. டச்பேடில் விரல் வைத்தான். அம்புக்குறி ஓடியது.

கெசியா வாயைத் திறந்தாள். அவன் சார்ஜரை மறுபடி செருகினான். சுரசுரப்பு வந்தது, அம்புக்குறி நின்றது. தன் பையிலிருந்த வேறு சார்ஜரைச் செருகினான். அதே கதை. டெஸ்டரை மூடியின் ஓரத்தில் வைத்தான். உள்ளே மங்கலாக ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது.

"சார்ஜர்ல இருந்து கொஞ்சமா கரண்டு கசியும்க்கா. எல்லா சார்ஜர்லயும் கசியும். அது எர்த் வயர் வழியா மண்ணுக்குப் போயிரணும். உங்க வீட்டுல போகமாட்டேங்கு. லேப்டாப்புலயே நிக்கி."

"அதுக்கும் டச்பேடுக்கும் என்ன?"

"நீங்க அழுத்துததை அது பாக்கல. உங்க விரல் பக்கத்துல வந்தா ஒரு துளி கரண்டு கூடுது, குறையுது. அதைத்தான் பாக்கு. இப்ப அதுக்குக் காது அடைச்சுக் கெடக்கு."

அவனுக்கு இதெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். ஆனால் கேள்வி இன்னும் அப்படியே இருந்தது. எர்த் போயிருந்தால் ஏழு நாளும் போக வேண்டும். திங்கட்கிழமை மட்டும் ஏன்?

"எர்த் குழி எங்க இருக்கு?"

"பின்னால. துவைக்கிற கல்லுக்கிட்ட."

கல்லுக்கு அடியில் சிமெண்டு வளையத்துக்குள் மணலும் நடுவே ஒரு துருப்பிடித்த குழாயும் இருந்தன. கோடை வெயிலில் மணல் வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு பக்கெட் நிறைய அழுக்குத் துணி.

"இங்கன தண்ணி ஊத்துவீங்களாம்மா?"

"ஊத்துததுக்கு என்ன இருக்கு?" என்றாள் தங்கத்தாய். "துவைக்கிற தண்ணி அதுலதான் வடியும்."

"தினமும் துவைப்பீங்களா?"

"தினமும்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் எங்க வீட்டுல துணியில தண்ணி படாது. கர்த்தருடைய நாளு. என் மாமியார் காலத்துல இருந்து அப்படித்தான். திங்கக்கிழமை பத்து மணிக்கு மேலதான் உக்காருவேன்."

"போன ரெண்டு வாரமும் பத்தரைக்கு மேல தானா சரியாச்சுக்கா?"

பின்வாசலில் நின்ற கெசியா மெல்லத் தலையாட்டினாள். நேற்று முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் படாத குழி அது.

"நீங்க உள்ள போய் டச்பேடுல விரலை வைங்க. சொல்லிக்கிட்டே இருங்க" என்று மகேஸ்வரன் குடத்தை எடுத்தான். மணி ஏழே முக்கால்.

முதல் குடத்தை மணல் சத்தமே இல்லாமல் குடித்தது.

"இல்ல!" என்றாள் கெசியா உள்ளேயிருந்து.

இரண்டாவது குடம். வெடிப்புகளில் குமிழி வந்தது.

"இல்ல தம்பி! எட்டாகப் பத்து நிமிசம்தான் இருக்கு!"

"இன்னும் ஊத்துமய்யா!" தங்கத்தாயே அடுத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்றாவது குடம் பாதி இறங்கியபோது உள்ளே கெசியாவின் சத்தம் நின்றுபோனது. அவன் சரிப்பதை நிறுத்தவில்லை.

"அசையுது!" என்று ஒரு கூச்சல் வந்தது. "தம்பி, அசையுது! போகுது!"

மகேஸ்வரன் குடத்தோடு அப்படியே நின்றான். வீட்டுக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். எங்கேயோ மலையில் விழுந்து, ஊர் ஊராக வந்து, இந்தக் குழிக்குள் போய், இருபது அடி தள்ளி ஒரு பெண்ணின் விரல் நுனியை மெஷினுக்கு அடையாளம் காட்டியிருக்கிறது. ராத்திரி ராத்திரியாக எத்தனை பேரிடம் டிரைவரை நீக்கச் சொல்லியிருப்பான்! அவர்கள் காலடியில் என்ன மண், ஈரமா காய்ந்ததா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

கெசியா ஏழு ஐம்பத்தெட்டுக்கு முதல் கோப்பைத் திறந்தாள்.

அவன் குழிக்கு அருகில் உட்கார்ந்து, குழாயை ஒட்டி ஈர மணலைக் குச்சியால் பையக் கிளறிப் பார்த்தான். கம்பியைக் குழாயோடு கவ்வியிருந்த இரும்பு வளையம் துருவில் அற்றுப்போயிருந்தது. எர்த் கம்பி நாலு விரல் தள்ளி மண்ணில் சும்மா கிடந்தது. நடுவில் இருந்த சேறுதான் இத்தனை நாளும் பாலமாக இருந்திருக்கிறது. சேறு காய்ந்தால் பாலமும் இல்லை.

"அப்போ நாங்க ஞாயித்துக்கிழமை துவைக்காம இருந்துதான் இந்த வினையா?" தங்கத்தாயின் குரல் இறங்கியிருந்தது.

"நீங்க ஏழு நாளும் துவைச்சிருந்தா இது அத்துப்போனது யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா. கிரைண்டரோ ஃபிரிட்ஜோ பாடியில கரண்டு இறங்குத அன்னைக்கு, இந்த மண்ணு காஞ்சு கெடந்திருந்தா, தொட்டவங்க கதி என்ன?"

அவள் அடுக்களைப் பக்கம் திரும்பிக் கிரைண்டரைப் பார்த்தாள். காலையில் அதில் இட்லிக்கு மாவு அரைத்த கை அது. அந்தக் கையால் நெஞ்சைத் தொட்டு, "ஸ்தோத்திரம்" என்றாள், சத்தமில்லாமல்.

மெயினை அணைத்தால்தான் கம்பியை மாட்ட முடியும். கெசியாவின் சாப்பாட்டு இடைவேளை பன்னிரண்டரைக்கு. அதுவரைக்கும் மணல் காயக் கூடாது. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

"நீரு அந்த நிழல்ல உக்காரும். நான் பாத்துக்கிடுதேன்." தங்கத்தாய் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் போர்வையை எடுத்தாள். இரண்டு பக்கெட் துணியும் முடிந்தன. பிறகு அலமாரியிலிருந்து துவைத்து மடித்து வைத்திருந்த சேலைகளைக் கொண்டுவந்து மறுபடி துவைத்தாள். அவன் சிரித்ததற்கு, "எரும மாடு மாதிரி இளிக்காதேயும், தண்ணி பிடியும்" என்று திட்டினாள். அவன் பிடித்தான். நீர் கல்லில் வழிந்து குழிக்குள் இறங்கும் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு, உள்ளே கெசியா தட்டும் சத்தம் தொடர்கிறதா என்று கேட்டான். தொடர்ந்தது.

பன்னிரண்டரைக்கு மெயினை அணைத்து, புது இரும்பு வளையம் போட்டுக் கம்பியைக் குழாயோடு முறுக்கினான். கெசியா நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு மறுபடி உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் மணல் காய்ந்து வெள்ளையாகிவிட்டது; அம்புக்குறி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவள் கடைசிக் கோப்பை மூடினாள். கம்பெனியிலிருந்து அன்றைக்கு ஒரு மெயிலும் வரவில்லை.