லவுட்ஸ்பீக்கர் சிஸ்டரும் தெருமுனை டெய்லரும்

மனசு தங்கம், தொண்டை வெண்கலம். அதனால்தான் ஆஸ்பத்திரியே அவளை லவுட்ஸ்பீக்கர் சிஸ்டர் என்றது. "டி.பி. மாத்திரைக்காரங்கள்லாம் இந்தப் பக்கம் வாங்க!" என்று ஒரு குரல் கொடுத்தால், பல் பிடுங்க வந்தவர்கள்கூட வலியை மறந்து திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது அவளுக்கு ஒரே கவலை. தெருமுனை டெய்லர் மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிட்டார். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாது. அப்புறம் ஆளைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. போன் செய்தால் எடுப்பதில்லை. "இருமல் நின்னதும் கொழுப்பு!" என்று திட்டினாள். திட்டிவிட்டு மறுபடியும் போன் செய்தாள்.

அந்த வாரம் நர்சுகளுக்குக் காசநோய்ப் பயிற்சி நடந்தது. "பாதிப் பேர் நர்ஸ், பாதிப் பேர் நோயாளி. நடிச்சுக் காட்டுங்க" என்றார் பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மா. நம் சிஸ்டருக்கு நோயாளி வேஷம். நர்சாக வந்தவள் அவளுடைய வார்டிலேயே வேலை பார்க்கும் ஒல்லி. இடுப்பில் கைவைத்து, கழுத்தை நீட்டி, "யாரும்மா அந்த டி.பி.? இங்க வா!" என்று ஒல்லி அலறியதில் ஹாலே குலுங்கிச் சிரித்தது.

சிஸ்டரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், அத்தனை கண்ணும் தன் மேல்.

"நான் இப்படியாடி கத்துறேன்?"

"இல்ல சிஸ்டர். கொஞ்சம் குறைச்சுத்தான் கத்தினேன்."

டெய்லர் கடைசியாக வந்த நாள் ஞாபகம் வந்தது. அவரிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஒரு அம்மாள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இவள் குரல் கொடுத்து அவர் எழுந்ததும் அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். சிஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பயிற்சி முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனாள். உள்ளே கூட்டம். அவளைக் கண்டதும் டெய்லர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் குனிந்து அவர் காதருகே ஏதோ முணுமுணுத்தாள்.

"மிஷின் சத்தத்துல ஒண்ணும் விழலை சிஸ்டர். சத்தமா சொல்லுங்க!"

அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. ஆனாலும் வாயை அடக்கிக்கொண்டு, மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"தப்பு என் மேலதான்" என்றாள் மெதுவாக. "இனிமே பேர் சொல்லிக் கூப்பிடறதுகூட இல்ல. நேரா என் ரூமுக்கு வந்துடுங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க." பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "என் யூனிஃபார்ம் இடுப்புல பிடிக்குது. பிரிச்சு விடணும்!"

டெய்லர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது அவருக்கு.

"நிறையவே பிரிக்கணும் சிஸ்டர். நாளைக்கு நானே ஆஸ்பத்திரிக்கு வந்து வாங்கிக்கறேன்."

வந்தார். அதன்பின் ஒருநாளும் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் யூனிஃபார்ம் பிரிப்பதுதான் சாக்கு. மாதங்கள் ஓடின, சிஸ்டரின் யூனிஃபார்ம் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன.

கடைசிச் சளிப் பரிசோதனை முடிவு வந்த அன்று, அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "கிருமி இல்ல. குணமாயிடுச்சு" என்று கிசுகிசுத்தாள்.

டெய்லர் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவின் நடுவில் போய் நின்றார். "எனக்கு டி.பி. குணமாயிடுச்சு!"

பல் பிடுங்கக் காத்திருந்த வரிசையே திரும்பியது. "ஐயோ, மெதுவா!" என்று பதறி ஓடி வந்தாள் சிஸ்டர்.

"என் குரல் வாசல்வரைக்கும் எட்டாது சிஸ்டர். நீங்க சொல்லுங்க."

"நிஜமாவா?"

"சத்தமா!"

அத்தனை மாதம் அடக்கி வைத்த தொண்டையைத் திறந்தாள். வாசல் காவலாளி கைதட்டுவது உள்ளே கேட்டது.