துளசி பீரும் தர்ப்பையும்

ஓசூரில் மதுவிலக்கு. ஜூஜுவாடியைத் தாண்டினால் மைசூர் சீமை, அங்கே கேட்பாரில்லை. அத்திப்பள்ளியில் ஹென்றி என்ற பழைய மெக்கானிக், கேழ்வரகை முளைகட்டி, துளசி போட்டு பீர் காய்ச்சியிருப்பதாகக் கேள்விப்பட்டு, நானும் சென்னகிருஷ்ணனும் விடியற்காலையிலேயே ருசி பார்க்கப் போனோம்.

அன்றைக்குப் பார்த்து சூரிய கிரகணம். அது விட்டு, சென்னகிருஷ்ணன் குளித்து, நாமம் போட்டு முடிக்கும்வரை என்னையும் டம்ளரைத் தொட விடவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

முதல் வாய் புளித்தது. பிறகு லேசாகக் கசந்தது. கடைசியில் மூக்கு வரைக்கும் துளசி ஏறியது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால் இன்னொரு டம்ளர் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது எல்லையில் ஏட்டு மாதப்பன் எங்கள் வாயை மோந்து பார்த்தார்.

“என்னய்யா, துளசி வாசம்?”

“பெருமாள் கோயில்ல தீர்த்தம் குடுத்தாங்க, ஏட்டய்யா” என்றேன்.

“யேசுராஜு, கிரகணத்துக்குச் சாத்துன நடையை இன்னும் தொறக்கவே இல்லியே.”

வேதக்காரனான எனக்கு அது எப்படித் தெரியும்? ஏட்டு சென்னகிருஷ்ணனின் நாமத்தைப் பார்த்தார். ரொம்பக் கவலையோடு கேட்டார்:

“கிரகணத்துல வெச்சிருந்த பண்டம் தீட்டாச்சேப்பா. தர்ப்பையாச்சும் போட்டு வெச்சிருந்தானா?”

ஆசாரத்தில் குறை சொன்னால் சென்னகிருஷ்ணனுக்குப் பொறுக்காது.

“தர்ப்பை போடாத பீரை நான் தொடுவனா? பீப்பாய்ல என் கையால நானே போட்டேன்.”