ஷூவுக்குள் ஓர் அரிசி

...உருளைக்கிழங்கு என்றால் இரண்டு, சோறு என்றால் ஒரு கரண்டி, ரொட்டி என்றால் ஒரே ஒரு துண்டு, அதுவும் ஓரத்துத் துண்டாக இருந்தால் நல்லது, ஓரத்தில் மாவு குறைவு என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது, சித்தி மகளா, இல்லை பல் டாக்டரிடம் காத்திருந்தபோது புரட்டிய பத்திரிகையா, ஓரத்தில் எப்படி மாவு குறையும், ரொட்டி முழுக்க ஒரே மாவுதானே... அவளுக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேரும் தட்டை நீட்டி நகர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும், தினமும் இப்படித்தான் நினைக்கிறாள், தினமும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றதும் மனசு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆலை உணவகத்தில் மதியத்துக்கு என்றும் அதே நான்கு பாத்திரங்கள்தான், சோறு, அவித்த உருளைக்கிழங்கு, ரொட்டி, கடைசியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பக்கத்தில் கீரையும் முட்டையும் அழைக்காத விருந்தாளிகளைப் போல ஒதுங்கி நிற்கும். சர்க்கரைவள்ளின்னு பேரைப் பாத்துப் பயப்படாதக்கா, சோறுதான் நல்லவன் மாதிரி கூடவே இருந்து கழுத்தறுக்கும், என்பாள் சித்தி மகள். சோத்த ஆற வெச்சு சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாதுடி, என்று பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் ரேடியோ அக்கா. டாக்டரோ, எல்லாம் ஒண்ணுதாம்மா, எவ்வளவு சாப்பிடறீங்கங்கறதுதான் விஷயம், என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்துவிட்டார். எல்லாம் ஒன்றுதான் என்றால் எதற்கு நான்கு பாத்திரம், ஒரே பாத்திரமாக வைத்துத் தொலைக்கலாமே, அவளும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பாளே...

வலது காலைக் கொஞ்சம் அழுத்தி ஊன்றிப் பார்த்தாள். இருக்கிறது. சுண்டுவிரலுக்குக் கீழே, சாக்ஸுக்கும் தோலுக்கும் நடுவில், சின்னதாக, கூராக, அவளுடைய ஒரே ஓர் அரிசி. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது டப்பாவிலிருந்து ஒரு பச்சரிசியை எடுத்து, மாட்டியிருக்கும் வேலைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொள்வாள், ஆலைக்கு வந்து உடை மாற்றும் அறையில் வேலை ஷூவை மாட்டும்போது அதைச் சாக்ஸுக்குள் நழுவ விடுவாள், அப்புறம் நாள் பூராவும் அது குத்திக்கொண்டே இருக்க வேண்டும், குத்துகிற வரைக்கும் கவலையில்லை, குத்தினால் கால் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். இது வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பாரா, திட்டுவாரா, இரண்டும் செய்துவிட்டு, டெஸ்ட்டுக்குப் போய் வந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடப்போகுது, அதுக்கு எதுக்கு இந்தக் கூத்து, என்பார். சரிதான். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம், சர்க்கரை இப்போதைக்கு எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார், அந்த மூன்று மாதம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. எல்லையில் நிற்கிறது என்றால் இந்தப் பக்கம் நிற்கிறதா, அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துவிட்டதா, அதை அன்றைக்கே கேட்டிருக்கலாம், அவரோ மணியடித்துவிட்டார்... ஊசிக்குப் பயமில்லை, ஊசி ஒரு நிமிஷம். தாளில் அச்சடித்து வருமே ஓர் எண், அது வந்தபிறகு அவள் வேறு ஆள் ஆகிவிடுவாள், தன் அம்மாவாகவே ஆகிவிடுவாள்.

டிக், டிக், டிக். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோது கேட்ட சத்தம் அது, தரையில் யாரோ சாவியால் தட்டுவது போல, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் முதலில் கடிகாரம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கடிகாரம் சமையலறைக்குப் போகுமா, போய்விட்டுத் திரும்பி வருமா. அம்மா, உன் கால்ல என்னமோ இருக்கு. என்னடி, சேறா? குனிந்து பார்த்தால் குதிகாலில், பலகையில் நோட்டீஸ் குத்துகிற பின், பித்தளைத் தலை மட்டும் வெளியே பளபளவென்று, மிச்சம் அவ்வளவும் உள்ளே. செருப்புக்குள் விழுந்து கிடந்திருக்கிறது, காலையிலிருந்து அதன் மேல் நின்றிருக்கிறாள், பஸ்ஸில் நின்றே வந்திருக்கிறாள். அவள் அதைப் பிடுங்கியபோது அம்மா முகத்தைத்தான் பார்த்தாள், அந்த முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல அம்மா எட்டிப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள். பாரேன், என் காலு எங்கிட்டயே ரகசியம் வெச்சிருக்கு. சிரித்துவிட்டுப் போய் உருளைக்கிழங்கு உரித்தாள், ஏனென்றால் அம்மா சோற்றை விட்டிருந்தாள், சோற்றை விட்டால் சர்க்கரை விட்டுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி மூன்று வேளையும் உருளைக்கிழங்கு, அவித்து, பிசைந்து, உப்பும் வெண்ணெயும் போட்டு. சோத்த நான் கண்ணாலயும் பாக்கிறதில்ல, என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே இரண்டாவது தரம் போட்டுக்கொள்வாள். அந்தப் பின் குத்தியதற்கும் முன்னால் எறும்பு. எப்போது பார்த்தாலும் அம்மா பாதத்தைத் தட்டிவிட்டுக்கொண்டிருப்பாள், எறும்பு ஊருதுடி, இந்த வீடு எறும்புப் புத்தாப் போச்சு, என்று தரையை மருந்து போட்டுத் துடைப்பாள், வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறும், ஓர் எறும்பைக்கூட யாரும் பார்த்ததில்லை, அப்பா அதை வைத்து எத்தனை நாள் கேலி செய்திருக்கிறார்... பின் எடுத்த இடம் ஆறவே இல்லை. அதற்கு அப்புறம் நடந்ததை அவள் நினைக்க மாட்டாள், வரிசையில் நிற்கும்போது நினைக்க மாட்டாள்.

"என்னம்மா, மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிற? பின்னாடி ஆள் நிக்குது."

பரிமாறுகிறவள் கரண்டியைச் சோற்றுக்கும் கிழங்குக்கும் நடுவில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்த நான்கு பேரும் எப்போது போனார்கள்? சோறு, என்றாள். கரண்டி சோற்றுக்குள் இறங்கியது, ஆவி பறந்தது, ஐயோ, இது ஆறாத சோறு. இல்லை, கிழங்கு. கரண்டி நின்றது. ரெண்டு கிழங்கு போதும், சின்னதா. சின்னதுக்கு நான் எங்க போறது, அதெல்லாம் பொறந்தப்பவே பெருசா பொறந்திருக்கு, என்று பரிமாறுகிறவள் சொல்ல, பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் சிரித்தார், அக்கா அவங்களுக்கு ரெண்டையும் போட்டு விடுக்கா, வீட்டுக்குப் போய் யோசிக்கட்டும். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் தட்டில் ஒரு பக்கம் ஒரு கரண்டி சோறும் மறு பக்கம் இரண்டு கிழங்கும் விழுந்துவிட்டன, இத்தனை நாள் யோசித்ததற்கு இரண்டும். திருப்பிக் கொடுத்தால் சாப்பாட்டை அவமதித்த மாதிரி ஆகிவிடும், கீரை கொஞ்சம் கூடப் போடுங்க, என்று மட்டும் சொன்னாள். தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அரிசி குத்தியது, ஒவ்வோர் அடிக்கும் குத்தியது, குத்து, நன்றாகக் குத்து, நீ மட்டும்தான் எனக்கு இன்றைக்கு நல்ல சேதி சொல்கிறாய்.

ரேடியோ அக்கா ஜன்னலோரத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். நிறுத்தாமல் பேசுவதால் அந்தப் பெயர், தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொள்வாள், ரேடியோ வந்துடுச்சு, எல்லாரும் காதைக் கழட்டி வெச்சுக்குங்க. அக்காவுக்குச் சர்க்கரை வந்து வருஷக்கணக்காகிறது, காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, ஒரு ரொட்டியை நான்காகக் கிழித்துக் கீரையில் தொட்டு ரசித்துத் தின்கிறாள், அப்புறம் ஆலையை இரண்டு சுற்றுச் சுற்றி நடக்கிறாள், அவ்வளவுதான். "எனக்குத்தான் இருக்கு, உனக்கு இல்ல. ஆனா பாக்கறவங்க உன்னைத்தான் சீக்காளிம்பாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். "என்னடி இது, ரெண்டும்?" அவள் பதில் சொல்வதற்குள்ளேயே, "டெஸ்ட்டுக்குப் போனியா?" போனேன், என்றது வாய். அவள் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகச் சொன்னது. என்ன சொன்னாங்க? ஒண்ணுமில்லையாம்க்கா, நல்லாத்தான் இருக்காம். அக்கா முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க முடியவில்லை, தன் தட்டிலிருந்து ரொட்டியில் ஒரு கால் பங்கை எடுத்து அவள் தட்டில் வைத்தாள், நான் சொன்னேன்ல, சும்மா பயந்து சாகாதேன்னு, சாப்பிடு, இன்னிக்கு ஒருநாள் எண்ணிப் பாக்காம சாப்பிடு, நான் போய் டீ வாங்கிட்டு வரேன். இப்போது தட்டில் சோறு, கிழங்கு, ரொட்டி, சர்க்கரைவள்ளிதான் பாக்கி. பொய்க்குக் கிடைத்த பரிசு. மெல்ல ஆரம்பித்தாள், முதலில் கீரை, அப்புறம் முட்டை, மாவைக் கடைசியில் தின்றால் மெதுவாக ஏறும் என்று அதையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், யார், நினைவில்லை, சொன்னவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், சொன்னது மட்டும் ஆளில்லாத அறையில் குழாய் சொட்டுவது மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கிறது. கிழங்கை வாயில் வைத்தாள். வெண்ணெய் வாசனை. அம்மா. மெல்ல மெல்ல இனித்தது, எல்லா மாவும் கடைசியில் இனிக்கத்தான் செய்கிறது, அதுதானே பயம்.

விரல்களைப் பார்த்தாள். அவளுடைய பிழைப்பே தொடுவதுதான், விளக்கு எரியும் கண்ணாடி மேசையின் மேல் துணி ஓடிக்கொண்டேயிருக்கும், கண்ணுக்குத் தப்புகிற முடிச்சு விரலுக்குத் தப்பாது, அவள் விரலை நம்பித்தான் அந்தப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். காலையில்கூட ஒரு முடிச்சு தட்டுப்பட்டது, நடுவிரல் நுனியில், சந்தேகமே இல்லாமல், பொத்தானை அழுத்தி மேசையை நிறுத்தினாள். சூப்பர்வைசர் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுத் தடவச் சொன்னார். எங்கேம்மா முடிச்சு, கனவு ஏதும் கண்டியா? சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இன்றைக்கு என்ன அவசரமோ, விடிந்ததும் விடியாததுமாக உடை மாற்றும் அறை வாசலிலேயே வந்து நின்று, சீக்கிரம் வாம்மா, முதல் சுருள் ஏத்தியாச்சு, என்று கத்தினார், அவளும் ஷூவை அரைகுறையாக மாட்டிக்கொண்டு, கயிற்றைக்கூட ஓடிக்கொண்டே... அரிசி இப்போது அதிகமாகக் குத்தியது. இடம் மாறிவிட்டதோ என்னவோ, சுண்டுவிரலிலிருந்து பக்கத்து விரலுக்கு வந்துவிட்ட மாதிரி, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, புண் ஆக்கிவிடப் போகிறது, புண் மட்டும் ஆகக்கூடாது. மேசைக்கு அடியில் குனிந்து வலது ஷூவைக் கழற்றினாள்.

கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. சாக்ஸை உருவி உள்புறத்தை வெளியே திருப்பினாள், தையல் ஓரமெல்லாம் விரலை ஓட்டினாள், முடிச்சு தேடுகிற விரல், ஒன்றுமில்லை. தரையில் ஒன்றுமில்லை. விழுந்திருக்கும், வரிசையில் எங்கேயோ விழுந்திருக்கும், கட்டியிருக்கிற ஷூவுக்குள்ளிருந்து எப்படி விழும், சாக்ஸுக்குள்ளிருந்து எப்படி... கை தானாகக் கோட்டுப் பைக்குள் போயிற்று. சாவி, கைக்குட்டை, கைக்குட்டையின் மடிப்பில் அது. முழுசாக, சுத்தமாக, ஒரு துளி வியர்வைகூடப் படாமல், காலையில் டப்பாவிலிருந்து எடுத்தபடியே. சூப்பர்வைசர் கத்தினாரே, அவள் அதைப் போடவே இல்லை. அப்படியானால் காலையிலிருந்து குத்தியது எது?

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அம்மாவுக்குக் காலில் இருந்தது தெரியவில்லை, தனக்கு இல்லாதது தெரிகிறது, அப்படியென்றால் அம்மாவுக்கு நேர் எதிர்ப் பக்கம் நிற்கிறோம், எல்லைக்கு நல்ல பக்கம்தான், வெறும் பயம்தான், பயம் குத்தாதா என்ன, மூன்று மாதமாகக் குத்திப் பழகிய இடம், பழக்கத்தில் குத்தியிருக்கும்... சிரிப்பு பாதியில் நின்றது. மருந்து வாசனை வந்தது. ஈரத் தரை, முழங்காலிட்டுத் துடைக்கிற அம்மா, எறும்புடி, பாரேன், இங்கதான் ஊருது. ஓர் எறும்புகூட இல்லாத தரை. அந்தப் பின்னுக்கும் முன்னால், எவ்வளவோ முன்னால். இருப்பது தெரியாமல் போவதற்கு முன்னால் அம்மாவுக்கும் இல்லாததுதான் தெரிந்தது, வீடே சிரித்ததே, அவளும் சேர்ந்து சிரித்தாளே. காலையில் துணியில், வேறு யார் விரலுக்கும் படாத அந்த முடிச்சு. சந்தேகமே இல்லாமல், நடுவிரல் நுனியில்.

"என்னடி, ஒத்தக் கால்ல உக்காந்திருக்க?" ரேடியோ அக்கா இரண்டு டீயோடு வந்து நின்றாள். "உனக்குத்தான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே, அப்புறமும் உனக்குச் சர்க்கரை போடாமதான் வாங்கிட்டு வந்திருக்கேன், பழக்க தோஷம்."

"ஷூவுக்குள்ள கல்லு போயிடுச்சுக்கா."

"எடுத்துட்டியா?"

எடுத்துட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். இன்றைக்கு ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, அந்த ரொட்டித் துண்டு இன்னும் தட்டில் அப்படியே இருக்கிறது. உள்ளங்கையில் அரிசியை மூடிக்கொண்டு, வெறும் பாதத்தை உணவகத்தின் குளிர்ந்த, வழவழப்பான, ஒன்றுமே இல்லாத தரையில் வைத்து மெதுவாக அழுத்தினாள். சுண்டுவிரலுக்குக் கீழே, அதே இடத்தில், அது இன்னும் குத்திக்கொண்டிருந்தது.