எட்டுப் பேருக்கான லிஃப்ட்

எங்கள் லிஃப்டில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர் போகலாம். ஒன்பதாவது ஆள் காலை வைத்தாலே மணி அலறும். நான் "இறங்குங்க, இறங்குங்க" என்று கத்துவேன். பத்து வருஷமாக இதுதான் என் பிழைப்பு. மேலே, நாட்டின் விலைவாசியைக் கணக்கெடுக்கும் அலுவலகம். கீழே, எல்லோருக்கும் ஒரே கேன்டீன்.

விலைவாசி எகிறியபோது அரசாங்கம் ஆணை போட்டது: கேன்டீன் சாப்பாட்டுக்கு ஒரு காசுகூட ஏற்றக் கூடாது. விவரம் தெரியாமல் நாங்களும் கைதட்டினோம். அடுத்த வாரமே கேன்டீன் மேனேஜர் புதுக் கரண்டி வாங்கி வந்தார். அடுத்த மாதம் அதைவிடச் சின்னது. பரிமாறும் அக்கா யார் தட்டையும் பார்க்காமலே ஊற்றுவார். கடைசியில் சட்டியில் மிஞ்சுவதுதான் அவருக்குச் சாப்பாடு.

அப்போது எனக்கு நான்காம் மாதம். வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்தது. அந்த மதியச் சாப்பாடுதான் எனக்கு உருப்படியாகக் கிடைப்பது. கிளினிக் நர்ஸ் ஒவ்வொரு தடவையும் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஏறவே மாட்டேங்குதேம்மா. இப்படியே போனா பிள்ளை தாங்காது." அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பிறகுதான் லிஃப்ட் மிதக்க ஆரம்பித்தது. ஒரு நாள் ஒன்பது பேர் ஏறினோம், மணி அடிக்கவில்லை. அடுத்த மாதம் பத்துப் பேர். அப்போதும் மணி மூச்சுவிடவில்லை. கைப்பிடியைத் திருப்பினால் சத்தமே இல்லாமல் பஞ்சு மாதிரி மேலே போகும். கம்பிக் கதவு வழியாக வெயில் கோடு கோடாக எங்கள்மேல் ஏறி இறங்கும். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் எனக்குக் கண் சொருகும். எல்லோருமாகக் கூரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறோம் என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பிள்ளையும் லேசாக அசையும்.

மாதா மாதம் மேல் அலுவலகத்திலிருந்து கேன்டீனுக்கு ஒரு குமாஸ்தா வருவார். விலைப் பலகையைப் பார்த்து, தாளில் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டுப் போவார். அவருக்கே 'மாற்றமில்லை' என்று பேர் வைத்துவிட்டோம். ஒரு நாள் அவரை லிஃப்டில் மடக்கினேன்.

"சார், எத்தனை பேர் இருக்கோம்னு எண்ணுங்க."

எண்ணினார். "பதினொண்ணு!" என்று கதவோரம் ஒட்டிக்கொண்டார். "மணி ரிப்பேரா?"

"மணி நல்லாத்தான் இருக்கு. நாங்கதான் ரிப்பேர். கரண்டி சின்னதாயிடுச்சுன்னு எழுதுங்க சார், புண்ணியமாப் போகும்."

"விலை மட்டும்தாம்மா என் வேலை" என்று முனகினார். ஆனால் இறங்கும்போது ஏதோ எழுதிக்கொண்டே போனார்.

பாவம், நிஜமாகவே எழுதிவிட்டார். மேலிடமும் உடனே நடவடிக்கை எடுத்தது. ஓர் ஆள் வந்து 'எட்டுப் பேர்' என்ற தகட்டைக் கழற்றிவிட்டு, 'பதினொரு பேர்' என்று புதுத் தகடு மாட்டினார். "அடப் பாவிகளா!" என்று வாய்விட்டே சொன்னேன். திருகாணியை முடுக்கியவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மதியம் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கைவிட்டு, பழைய பெரிய கரண்டியை எடுத்தார். என் தட்டில் ஒரு கரண்டி, முழுசாக.

"பேசாம சாப்பிடு. நாளைக்கும் வா."

"சட்டியில குறையுமேக்கா?"

"அது என் பாடு."

ஒன்பதாம் மாதத்தில் ஒரு மதியம், பதினொரு பேர் ஏறிக் கதவைச் சாத்தினேன். மணி அடித்தது. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எல்லோரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"யாருப்பா எடை கூடுனது?" என்றார் மாற்றமில்லை.

"நான்தான் சார்! நாங்க ரெண்டு பேர் சார்!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் கதவைத் திறந்து இறங்கி, படியேறிப் போனார்.

அக்காவிடம் சொல்ல அசைந்து அசைந்து போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவர் ஏப்ரன் நாடா ஒரு சுற்றுக்கே பத்தாது. இப்போது இடுப்பை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"என்னடி, மணி அடிச்சுதாமே!" என்று திரும்பாமலே சிரித்தார்.

"அடிச்சுதுக்கா" என்றேன்.