எமிலோடு யாரும் பேசாத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அணியில் இரண்டு சமயங்களில் ஒருத்தனோடு யாரும் பேச மாட்டோம். அவனை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தால் பேச மாட்டோம். அந்தப் பீடை நமக்கும் ஒட்டிக்கொள்ளும். பந்து வீசுகிறவன் எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காமல் ஆட்டத்தை நகர்த்தினாலும் பேச மாட்டோம். வாயைத் திறந்தால் அதிர்ஷ்டம் கலைந்துவிடும்.

எங்களுடையது பென்சில்வேனியாவில் ஒரு சின்ன பேஸ்பால் அணி. 1952 ஜூன் மாதம். அந்த வாரம் ஓர் ஆளைக் குறைக்கப் போவதாக மேனேஜர் ரெனிக் சொல்லியிருந்தார். எமில் ஹுடாக்கைக் குறைத்தால் அவன் திரும்ப நிலக்கரிச் சுரங்கத்தில்தான் இறங்க வேண்டும். அவன் அப்பாவின் நுரையீரலைத் தின்ற சுரங்கம் அது.

ஞாயிற்றுக்கிழமை எமில் வீசிய பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியவில்லை. தப்புப் பந்துகளாகப் போட்டு ஏழு பேரை முதல் பேஸ் மூலைக்குச் சும்மா நடக்கவிட்டான். ஒருத்தனைப் பின்பக்கத்தில் பந்தால் அடித்தான். அந்தக் கூத்தில் ஓர் ஓட்டமும் போயிற்று. ஆனால் எதிரணியில் ஒருத்தனும் மட்டையால் அடித்து பேஸுக்குப் போகவில்லை. நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். எமில் எண்ணவில்லை. பலகையில் ஓட்டத்தை மட்டும்தான் எழுதுவார்கள்.

ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து பெஞ்சில் அவனைச் சுற்றிக் காலியாகிவிட்டது. புகையிலையை நீட்டினான், வாங்க ஆளில்லை. அவன் பந்தைப் பிடிக்கிற கேட்சர் நான். நானே குனிந்து ஷூ கயிற்றை நாலு தடவை கட்டினேன். எட்டாவதில் எங்கள் ஆட்கள் மட்டை பிடிக்கும்போது மேனேஜர் ரெனிக் முன்னால் எமில் போய் நின்றான்.

"தலைவரே, நான் இருக்கேனா, போறேனா? அதையாவது சொல்லுங்க."

ரெனிக் வானத்தைப் பார்த்தார். துப்பினார்.

எமில் கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

மூன்று பேர் துரத்தினோம். ஷூ ஆணிகள் தார் ரோட்டில் கடகடத்தன. வாயை மட்டும் ஒருத்தரும் திறக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் பிடித்தோம். நான் இடுப்பைப் பிடித்தேன், மற்ற இருவரும் ஆளுக்கொரு கால்.

"விடுங்கடா. வேலையை விட்டுத் துரத்தினது பத்தாதுன்னு ஊர்வலம் வேறயா?" என்று கத்தினான். என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லேன்டா. மாடு மாதிரி மூச்சு மட்டும் வாங்கறியே" என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். நேராகக் கொண்டுவந்து பந்து வீசும் மேட்டில் நட்டோம். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் அவன் போட்ட முதல் பந்தையே எதிரணிக்காரன் சுவரோரம் விரட்டினான்.

ரெனிக் மேட்டுக்கு நடந்தார். எமில் பந்தை நீட்டினான்.

"வச்சுக்கோடா கழுதை. இவ்வளவு நேரம் ஒரு அடி கொடுக்காம போட்டுட்டு இருந்தே. உன்னைப் போகச் சொன்னது யாரு?"

"யாரும் ஒண்ணும் சொல்லலையே, தலைவரே."

"வெள்ளிக்கிழமையும் நீதான் போடறே."

எமில் வாயெல்லாம் பல்லாக நின்றான். அடுத்து வந்த இருவரும் அடித்தார்கள், சிரிப்பு அடங்கவில்லை. நாலுக்கு மூன்று என்று எப்படியோ தப்பித்தோம்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஆடினான். பெரிய லீக்கிலிருந்து ஒருத்தரும் கூப்பிடவில்லை. சுரங்கத்தில் மட்டும் அவன் இறங்கவே இல்லை.